ஈரான் எண்ணெயை நிறுத்தினோம், ரஷ்ய எண்ணெயை வாங்கினோம்: நடுத்தர வல்லரசின் கையைக் கட்டுவது எது?

மார்த்தாண்டம் வாசகன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிறு மாலை பத்துப் பன்னிரண்டு பேர் கூடிப் பேசுவோம். சென்ற கூட்டத்தில் இந்தியாவின் வெளியுறவுக் கொள்கை பற்றிப் பேச்சு எழுந்தபோது அவை இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கத்தார் "பெரிய நாடு அதட்டினால் நாம் பணிந்துவிடுகிறோம்" என்றும், மறுபக்கத்தார் "இந்தியா இன்று எவருக்கும் பணிவதில்லை" என்றும் வாதிட்டு, நூலகர் கதவைச் சாத்த வந்து நிற்கும்வரை முடிவு காணாமலே கலைந்தோம். இரு பக்கத்தாரும் உண்மையான சான்றுகளைக் காட்டியதுதான் என்னைக் குழப்புகிறது.

முதல் சான்று ஈரான். ஈரான் மீதான தன் தடையிலிருந்து அமெரிக்கா நமக்கு அளித்திருந்த விலக்கு 2019 மே மாதத் தொடக்கத்தில் முடிந்ததும், அதுவரை நம் கச்சா எண்ணெய் இறக்குமதியில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கைத் தந்துவந்த ஈரானிடம் வாங்குவதை இந்தியா நிறுத்திக்கொண்டது. இரண்டாம் சான்று ரஷ்யா. உக்ரைன் போருக்கு முன் நூற்றுக்கு இரண்டு பங்குகூடத் தேறாதிருந்த ரஷ்ய எண்ணெய், மேலை நாடுகள் முகம் சுளித்த நிலையிலும், இரண்டே ஆண்டுகளில் நம் இறக்குமதியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. இரண்டு முடிவுகளையும் எடுத்தது ஒரே பிரதமரின் அரசு. எதிரில் நின்றதும் ஒரே வல்லரசு. அப்படியிருக்க, முதலாவதைக் கோழைத்தனம் என்றும் இரண்டாவதை வீரம் என்றும் சொல்லிவிட்டுப் போவது எனக்கு நிறைவாக இல்லை.

இந்தியாவைப் போலவே துருக்கி, இந்தோனேசியா, தென்கொரியா, ஆஸ்திரேலியா ஆகியவையும் சிறிய நாடுகள் அல்ல. எனினும் உலகின் விதிகளைத் தாமே எழுதும் வலிமை அவற்றுக்கு இல்லை. நடுத்தர வல்லரசு எனப்படும் இத்தகைய நாடு ஒரு முடிவை எடுக்கும்போது எவை அதன் கையைக் கட்டுகின்றன, எவை அவிழ்க்கின்றன என்பதை நம் குமரி மாவட்டத்து மனிதருக்குப் புரியும்படி யாரேனும் விளக்கினால், அடுத்த கூட்டத்தில் அதை வாசித்துக் காட்ட விரும்புகிறேன்.

நாகர்கோவில் டீச்சர் எழுதியது:

தம்பி, கல்லூரியில் அரசியல் அறிவியல் கற்பிப்பவள் என்ற முறையில் முதலில் உங்கள் இரண்டு சான்றுகளையே எடுத்துக்கொள்கிறேன். ஏனெனில் அவை ஒன்றுக்கொன்று முரண்படுவதாகத் தோன்றினாலும், அடியில் ஓடும் கணக்கு ஒன்றுதான்.

2019இல் அமெரிக்கா விதித்திருந்த தடை ஈரானைக் கட்டுவதோடு நிற்கவில்லை. ஈரானோடு வணிகம் செய்யும் எந்த நாட்டு வங்கியையும், கப்பல் நிறுவனத்தையும், காப்பீட்டாளரையும் டாலர் புழங்கும் உலகத்திலிருந்து வெளியே தள்ளிவிடும் தடை அது. நம் அரசு வாங்கலாம் என்று சொன்னாலும், அந்த எண்ணெயை ஏற்றிவரக் கப்பலுக்குக் காப்பீடு கிடைக்காது, பணம் செலுத்த வங்கி முன்வராது. இன்னொரு புறம், சவுதி, ஈராக், ஏன் அமெரிக்காவிடமிருந்தே மாற்று எண்ணெய் தாராளமாகக் கிடைத்தது. மறுத்தால் வரும் வலி பெரிது, இணங்கினால் வரும் இழப்பு தாங்கத்தக்கது என்ற நிலையில் அரசு இணங்கியது.

2022இல் நிலைமை வேறு. ரஷ்ய எண்ணெய் சந்தையிலிருந்து அறவே மறைந்துவிட்டால் உலகெங்கும் விலை ஏறும், அது அமெரிக்க வாக்காளரையே சுடும் என்பதால், அந்த எண்ணெய் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ஆனால் ரஷ்யாவுக்கு வருவாய் குறைய வேண்டும் என்பதே மேலை நாடுகளின் உண்மையான விருப்பமாக இருந்தது. 2022 டிசம்பரில் அவை பீப்பாய்க்கு 60 டாலர் என்று விலை வரம்பு வகுத்ததன் நோக்கம் அதுதான். அந்த நாட்களில் இந்தியா வாங்குவதில் தங்களுக்கு மறுப்பில்லை என்று அமெரிக்க அமைச்சரவையில் இருந்தவர்களே வெளிப்படையாகப் பேசினார்கள். ஆகவே நாம் எதிர்த்து நின்றதாகக் கொண்டாடப்படும் அந்தச் செயலில் பெரும்பகுதி, திறந்துவைத்த கதவின் வழியே நடந்ததுதான். அந்தக் கதவு அடைபட்டபோது என்ன நேர்ந்தது என்பதை 2025 ஆகஸ்டு 27 அன்று பார்த்தோம். ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி அமெரிக்கா கூடுதலாக 25 விழுக்காடு வரி விதிக்க, நம் பொருள்கள் பலவற்றின் மீதான வரி மொத்தம் 50 விழுக்காடானது. இறால் ஏற்றுமதியாளர்களும் திருப்பூர்ப் பின்னலாடைக்காரர்களும் அதன் சூட்டை உடனே உணர்ந்தார்கள்.

இதிலிருந்து நான் மாணவர்களுக்குச் சொல்வது இதுதான். ஒரு நடுத்தர வல்லரசின் முடிவைப் பார்த்ததும் அதன் துணிவை அளக்கப் புறப்படாதீர்கள். அந்த நேரத்தில் யார் அதை எங்கே வலிக்கச் செய்ய முடியும், அந்த வலியை அது எத்தனை மாதம் தாங்கும், தாங்கும் காலத்திற்குள் எதிராளிக்கும் வலிக்குமா என்று கேளுங்கள். ஆஸ்திரேலியாவின் கதை இதற்கு நல்ல விளக்கம். கோவிட் தொற்றின் தோற்றம் பற்றிப் பன்னாட்டு விசாரணை வேண்டும் என்று 2020இல் அது கேட்டபோது, சீனா அதன் பார்லி மீது 80 விழுக்காட்டுக்கு மேல் வரி போட்டது. திராட்சை மதுவையும் நிலக்கரியையும் தடுத்தது. ஆனால் இரும்புத் தாதுவை மட்டும் தொடவில்லை, ஏனெனில் அது இல்லாமல் சீனாவின் உருக்காலைகள் ஓடமாட்டா. ஆஸ்திரேலியா தன் கேள்வியைத் திரும்பப் பெறாமலே பொறுத்திருந்தது. பார்லி மீதான வரி 2023 ஆகஸ்டிலும், மது மீதான வரி 2024 மார்ச்சிலும் நீங்கின. தனக்குத் தேவையானதைப் போலவே எதிராளிக்குத் தேவையான ஒன்றும் தன் கையில் இருந்ததால்தான் அந்த நாடு தாக்குப்பிடித்தது.

கட்டுகளில் மெல்லவே அவிழும் வகை ஒன்று உண்டு. அது ஆயுதம். போர் விமானத்தையும் பீரங்கி வண்டியையும் ஒருமுறை ஒருவரிடம் வாங்கிவிட்டால், உதிரிபாகத்துக்கும் பழுதுபார்ப்புக்கும் முப்பது நாற்பது ஆண்டுகள் அவர் வீட்டு வாசலில்தான் நிற்க வேண்டும். ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2010 முதல் 2014 வரையிலான காலத்தில் நம் ஆயுத இறக்குமதியில் 72 விழுக்காடாக இருந்த ரஷ்யாவின் பங்கு, 2020 முதல் 2024 வரையிலான காலத்தில் 36 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. இது பெரிய மாற்றந்தான். எனினும் படையிடம் ஏற்கெனவே இருக்கும் தளவாடங்கள் ஒரே நாளில் மாறிவிடுவதில்லை. உக்ரைன் தொடர்பான ஐ.நா. வாக்கெடுப்புகளில் இந்தியா மீண்டும் மீண்டும் ஒதுங்கி நின்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன். நம் மாவட்ட எல்லையைத் தாண்டியதும் கடலோரத்தில் தெரியும் கூடங்குளம் அணு உலைகளையும் இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். 1988இல் சோவியத் ஒன்றியத்தோடு செய்த ஒப்பந்தத்தின் கொடி இன்றும் அறுபடாமல் ஓடுகிறது.

தூத்தூர்க் கரையோன் எழுதியது:

டீச்சருக்கு வணக்கம். நீங்கள் சொன்ன கணக்கை மறுக்க வரவில்லை. அந்தக் கணக்கில் எங்கள் கரை எந்த வரியில் எழுதப்படுகிறது என்பதைச் சொல்லவே வந்தேன்.

2012 பிப்ரவரி 15 அன்று, கேரளக் கரையிலிருந்து சுமார் 20 கடல்மைல் தொலைவில், இத்தாலியக் கொடி பறந்த எண்ணெய்க் கப்பல் ஒன்றில் காவலுக்கு வந்த கடற்படை வீரர்கள், கடற்கொள்ளையர் என்று எண்ணி ஒரு மீன்பிடிப் படகை நோக்கிச் சுட்டார்கள். இருவர் இறந்தனர். ஒருவர் கொல்லத்துக்காரர், மற்றவர் எங்கள் குமரிக் கடற்கரையைச் சேர்ந்தவர். உடலைக் கரைக்குக் கொண்டுவந்த நாளில் எங்கள் துறையில் ஒரு வள்ளமும் இறங்கவில்லை. வலைக்கூடங்களில் பாதி பின்னிய வலைகள் தொங்கியபடியே கிடந்தன. வெளியுறவுக் கொள்கை என்ற சொல்லை என் அப்பா வாழ்நாளில் முதல்முறையாக அந்த வாரம்தான் உச்சரித்தார்.

பிறகு நடந்ததை வரிசையாக நினைவில் வைத்திருக்கிறேன். ஓட்டுப் போடுவதற்கென்று 2013இல் இத்தாலிக்குச் சென்ற இரு வீரர்களையும் திருப்பி அனுப்பமாட்டோம் என்று அந்நாடு அறிவித்தபோது, அதன் தூதர் இந்தியாவை விட்டு வெளியேறக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இத்தாலி இறங்கிவந்து வீரர்களைத் திருப்பி அனுப்பியது. அதை ஏற்காத அதன் வெளியுறவு அமைச்சர் பதவி விலகினார். நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்த நாட்கள் அவை. ஆனால் அதன்பின் காற்று திரும்பியது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் இத்தாலியின் பின்னால் நின்றது. ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டுக் குழுவில் இந்தியா சேர்வதை 2015இல் இத்தாலி தடுத்தது என்று செய்தி வந்தது. அதற்கு முன்னரே வழக்கு பன்னாட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போயிருந்தது. இரண்டாவது வீரரும் 2016 மே மாத இறுதியில் நாடு திரும்பினார், அடுத்த மாத இறுதியில் அந்தக் குழுவில் இந்தியா உறுப்பினரானது. இவ்விரண்டுக்கும் முடிச்சுப் போட என்னிடம் ஆவணம் இல்லை. தேதிகளை மட்டும் சொல்கிறேன்.

2020 ஜூலையில் தீர்ப்பாயம், கடலில் நம் படகு சுதந்திரமாகச் செல்லும் உரிமையை இத்தாலி மீறியது, இழப்பீடு தர வேண்டும் என்றது. ஆனால் அரசுப் பணியில் இருந்த அந்த வீரர்களை இந்தியா விசாரிக்க முடியாது என்றும் முடிவுசெய்தது. 10 கோடி ரூபாய் வந்தது. இறந்தவர் குடும்பங்களுக்கு ஆளுக்கு 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி என்று ஒதுக்கி, 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது. ஒன்பது ஆண்டுகள் சென்றும், நம் மண்ணில் ஒரு நாள்கூட அந்தக் கொலை வழக்கில் சாட்சி விசாரணை நடக்கவில்லை.

டீச்சர், கட்டுகள் உண்மை என்பதை ஏற்கிறேன். ஏவுகணைக் குழுவும் ஐரோப்பிய வணிகமும் 140 கோடிப் பேருக்குத் தேவை என்பதும் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கட்டின் பாரத்தை யார் தோளில் வைப்பது என்பதை வெளிநாட்டார் தீர்மானிக்கவில்லை, நாமே தீர்மானிக்கிறோம். ஈரான் எண்ணெயை நிறுத்தியபோது எண்ணெய் நிறுவனங்களுக்கு மாற்று வழி கிடைத்தது. அதே ஈரானின் துறைமுகங்களில் ஒப்பந்தக் கூலிக்குப் படகேறிய எங்கள் பையன்களுக்கு என்ன மாற்று இருந்தது? கோவிட் ஊரடங்கில் அவர்கள் அங்கே மாதக்கணக்கில் சிக்கிக் கிடந்தார்கள். என் சித்தப்பா மகன் பணியாற்றிய படகின் முதலாளி சம்பளத்தையும் நிறுத்திவிட்டு, குடிதண்ணீருக்கே கை ஏந்த வைத்தார். பந்தர் அப்பாஸிலிருந்து 687 பேரை ஏற்றிக்கொண்டு கடற்படையின் ஜலாஷ்வா கப்பல் 2020 ஜூலை 1 அன்று தூத்துக்குடிக்கு வந்தபோதுதான் எங்கள் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரிந்தது. அந்தக் கப்பலை அனுப்பிய அரசுக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். ஈரானோடு உறவு அறவே முறிந்திருந்தால் அந்தக் கப்பல் அங்கே நுழைந்திருக்க முடியாது என்பதையும் உணர்கிறேன். ஈரானின் சாபஹார் துறைமுகத்தை இந்தியா ஆண்டுக்கணக்கில் விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததை வல்லுநர்கள் ஆப்கானிஸ்தானுக்கான பாதை என்று விளக்கினார்கள். எங்களுக்கோ, அது அந்நாட்டோடு பேச்சு அறுந்துபோகாமல் காத்த கயிறு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் படகுகள் சூரையும் சுறாவும் தேடி, இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுக்கூட்டத்தில் உள்ள டீகோ கார்சியா பக்கம் வரை போகின்றன. பிடிபட்டு, படகையும் இழந்து வந்தவர்கள் உண்டு. அந்தத் தீவுக்கூட்டம் மொரிஷியஸுக்கு உரியது என்று 2019இல் ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் வாக்களித்தபோது இந்தியாவும் அவற்றோடு நின்றது. எதிர்த்தவை அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட 6 நாடுகள் மட்டுமே. ஆனால் அங்குள்ள அமெரிக்கப் படைத்தளத்தைப் பற்றி நம் அரசு உரக்கப் பேசுவதில்லை. உரிமை பற்றி ஒரு குரலும், தளம் பற்றி ஒரு மௌனமும் ஒரே நேரத்தில் தேவைப்படுகின்றன என்றால், நடுத்தர வல்லரசின் நிலை அதுதான் போலும்.

குலசேகரம் ரப்பர் விவசாயி எழுதியது:

கரையிலிருந்து தம்பி எழுதியதற்கு மலையடிவாரத்திலிருந்து ஒரு சிறு சேர்க்கை. கட்டுகள் எல்லாம் வெளியிலிருந்து வருபவை அல்ல. உள்ளூரிலிருந்து எழும் கட்டு சில சமயம் அரசுக்குக் கேடயமாகவும் பயன்படுகிறது.

அதிகாலை மூன்று மணிக்குத் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகும் எங்களுக்கு, கிலோ ரப்பரின் விலையைத் தீர்மானிப்பது தாய்லாந்தின் மழையும் சீனாவின் டயர் ஆலைகளும்தான். 2011இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டி விற்ற ஷீட், 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. வெட்டுக்கூலி கட்டாமல் மரத்தைச் சும்மா விட்ட தோட்டங்களை நான் கண்டேன். என் புகைப்புரையில் ஒரு மழைக்காலம் முழுவதும் ஷீட் தொங்கவே இல்லை. ஆசியான் நாடுகளோடு தடையில்லா வணிக ஒப்பந்தம் செய்தபோது இயற்கை ரப்பரை விலக்குப் பட்டியலில் வைத்தார்கள். அது எங்களைப் போன்ற சிறு விவசாயிகளும், கேரளமும் சேர்ந்து எழுப்பிய குரலால் நடந்தது. ஆனால் கலவை ரப்பர் என்ற பெயரில் குறைந்த வரியில் உள்ளே வந்த சரக்கு அந்தக் காப்பைக் கரைத்தது. 2023இல்தான் அதன் வரியை 10 விழுக்காட்டிலிருந்து உயர்த்தி, இயற்கை ரப்பருக்கு இணையாக 25 விழுக்காடு அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், இவற்றில் குறைவானது என்று மாற்றினார்கள்.

2019 நவம்பரில், சீனா உள்ளிட்ட பதினைந்து நாடுகள் சேர்ந்த ஆர்.சி.இ.பி. என்ற தடையில்லா வணிக ஒப்பந்தப் பேச்சிலிருந்து இந்தியா விலகியது. பாங்காக்கில் நம் பிரதமர் விவசாயிகளையும் சிறு தொழில்களையும் காரணமாகக் கூறினார். உள்ளூர் எதிர்ப்பு வலுவாக இல்லாவிட்டால் மேசையில் "என்னால் இதை ஊரில் சொல்ல முடியாது" என்று மறுக்கும் வழியே இருந்திராது. ஆகவே எங்கள் கூச்சலை அரசு தொல்லையாக மட்டும் எண்ண வேண்டாம் என்பது என் கருத்து.

குளச்சல் மாலுமி எழுதியது:

வணிகக் கப்பலில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். இந்த உரையாடலில் வயதில் மூத்தவன் என்று நினைப்பதால், பழைய கட்டுகள் இரண்டைச் சொல்கிறேன். இன்றைய கட்டு எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதை அளக்க அது உதவும்.

1966இல் நான் தொடக்கப்பள்ளி மாணவன். மதியத்தில் எங்களுக்கு மஞ்சள் நிறச் சோளமாவு உப்புமாவும் பால்பொடியைக் கரைத்த பாலும் தருவார்கள். மூட்டையின் மேல் இரு கைகள் ஒன்றையொன்று பற்றிக் குலுக்கும் படம் அச்சிடப்பட்டிருக்கும். காலிச் சாக்கை வாத்தியார் திண்ணையில் விரித்து எங்களை உட்கார வைப்பார், அந்தக் கைகளின் மேல் அமர்ந்துதான் நான் வாய்ப்பாடு படித்தேன். அதே ஆண்டுகளில் அமெரிக்க அதிபர் ஜான்சன், வியட்நாம் போரை இந்தியா குறை கூறியதில் எரிச்சலுற்றும், நம் வேளாண் கொள்கையை மாற்றச் செய்யவும், கோதுமையை ஆண்டுக் கணக்கில் ஒப்புக்கொள்ளாமல் மாதத்துக்கு மாதம் அளந்து அனுப்பிக்கொண்டிருந்தார் என்பதைப் பின்னாளில் படித்தபோது, அந்தச் சாக்குதான் கண்முன் வந்தது. மழை பொய்த்த இரண்டு ஆண்டுகள், 1966 ஜூனில் ஒரு டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ரூபாயாக மதிப்பிறக்கம், இத்தனைக்கும் நடுவில் அன்றைய உணவு அமைச்சர், நம்மவர் சி. சுப்பிரமணியம் புதிய கோதுமை விதைகளைக் கொண்டுவந்தார். பசுமைப் புரட்சியின் குறைகளைப் பலர் பேசுகிறார்கள், பேசட்டும். அதற்குப் பின் எந்த அதிபரும் கோதுமையைக் காட்டி நம் நாக்கைக் கட்ட முடியவில்லை என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். (நம் மாவட்டத்தில் அந்நாட்களில் பசியைத் தாங்கியது மரச்சீனிக் கிழங்கும் மீனும்தான். அந்தப் பஞ்சத்தின் கடுமையை நாங்கள் முழுதாக அறியவில்லை.)

இரண்டாவது 1991. அதற்கு முந்தைய ஆண்டு ஈராக் குவைத்தைப் பிடித்ததும் எண்ணெய் விலை ஏறியது, குவைத்திலிருந்து ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட நம்மவர்களை விமானத்தில் அழைத்துவர வேண்டியிருந்தது, அவர்கள் அனுப்பிய பணமும் நின்றது. அந்நியச் செலாவணி சில வாரங்களுக்கே போதும் என்ற நிலையில், பன்னாட்டு நிதியத்தின் கடனை நாடிநின்ற சந்திரசேகர் அரசு, அமெரிக்கப் படை விமானங்கள் நம் விமான நிலையங்களில் எரிபொருள் நிரப்ப இடம்தந்தது. எதிர்ப்பு எழுந்தபின் அதை நிறுத்தினார்கள். அந்த ஆண்டு கோடையில் தங்கம் அடகுக்குப் போனது. நடுத்தர வல்லரசு என்பதற்கு அன்று நமக்குத் தகுதியே இல்லை எனலாம். செலாவணி இருப்பை இன்று அரசு மலைபோல் சேர்த்துவைத்திருப்பதை வீண் என்று சிலர் சொல்லும்போது, அந்தக் கோடையைக் கண்டவனால் ஒப்ப முடிவதில்லை.

கச்சத்தீவைப் பற்றி யாரும் இன்னும் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். 1971இல் பாகிஸ்தான் விமானங்கள் கொழும்பில் இறங்கி எரிபொருள் நிரப்பிச் சென்றன. 1974 மே 18 அன்று பொக்ரான் அணுகுண்டுச் சோதனை, அதனால் உலகின் கண்டனம். அடுத்த மாதமே கச்சத்தீவு ஒப்பந்தம் கையெழுத்தானது. தெற்கே ஒரு பகையை வைத்துக்கொள்ள இந்திரா காந்தி விரும்பவில்லை என்பது என் கணிப்பு. அதன் தொடர்ச்சியாக 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவில் எல்லை வகுத்தபோது, கன்னியாகுமரிக்குத் தெற்கே மீன் கொழிக்கும் வாட்ஜ் பேங்க் இந்தியாவின் பொருளாதார மண்டலத்துக்குள் வந்தது. இலங்கையின் ஆறு கப்பல்கள் மட்டும், ஆண்டுக்கு 2,000 டன்னுக்கு மேற்படாமல், மூன்று ஆண்டுகள் அங்கே பிடிக்கலாம் என்று வரம்பு வைத்தார்கள். இராமேசுவரத்து மீனவர் இழந்ததும் குமரி மீனவர் பெற்றதும் ஒரே பேரத்தின் இரு தட்டுகள். தூத்தூர்த் தம்பி கேட்ட கேள்வி, அதாவது பாரம் யார் தோளில் என்பது, அன்றும் எழுந்திருக்க வேண்டும். தட்டில் வைக்கப்பட்டவர்களிடம் எவரும் கேட்கவில்லை. பெற்றவர்களில் ஒருவன் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நாகர்கோவில் டீச்சர் எழுதியது:

ஐயா சொன்னதைப் படித்தபின் என் முதல் பதிவில் ஒரு குறை தெரிகிறது. எதிராளி எவ்வளவு வலிக்கச் செய்வார் என்ற கணக்கை எழுதினேன். அந்த வலி நாட்டுக்குள் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதை எழுதவில்லை. தூத்தூர்த் தம்பி அதைச் சுட்டிக்காட்டியது சரி. இழப்பை ஏற்கும் முடிவு தவிர்க்க முடியாததாக இருந்தாலும், இழப்பவருக்கு ஈடு செய்வதும், அவர் முகத்தைப் பார்த்துக் காரணத்தைச் சொல்வதும் எந்த வல்லரசாலும் தடுக்கப்பட்டவை அல்ல.

நூலகக் கூட்டத்தில் வாசிக்கப்போவதால், நம் மண்ணின் சான்று ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திருவிதாங்கூரும் தன் காலத்தில் ஒரு நடுத்தர வல்லரசுதான். 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களை வென்ற மார்த்தாண்ட வர்மா, பிடிபட்ட அவர்கள் தளபதி டிலனாயைத் தன் படைக்கே பயிற்சி தர அமர்த்தினார். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாயின் கல்லறையில் லத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அன்று அரசரின் கையில் மிளகு இருந்தது, அதை வாங்க டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போட்டியிட்டார்கள். அந்தப் போட்டி இருந்தவரை திருவிதாங்கூருக்குப் பேரம் பேச இடம் இருந்தது. டச்சு வலிமை தேய்ந்தது, பிரெஞ்சுக்காரர் ஒடுங்கினர். 1789 இறுதியில் திப்புவின் படை திருவிதாங்கூரின் வடக்கு அரணான நெடுங்கோட்டையைத் தாக்கியபோது கூப்பிட ஆங்கிலேயர் ஒருவரே எஞ்சியிருந்தார்கள். ஒருவரே எஞ்சியதால் விலையையும் அவர்களே வைத்தார்கள். 1795இல் ஓர் ஒப்பந்தம், 1805இல் இன்னொன்று. இரண்டாவதன்படி ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும், உள்நாட்டு நிர்வாகத்திலும் அவர்கள் அறிவுரையைக் கேட்க வேண்டும். அந்த 1805 ஒப்பந்தத்துக்கு இசைந்த திவான் நம் தலக்குளத்து வேலுத்தம்பி. நான்கு ஆண்டுகளுக்குள் குண்டறையில் ஆங்கிலேயருக்கு எதிராக அறைகூவல் விடுத்தவரும் அவரே. கட்டணம் கட்டக் கருவூலத்தில் பணம் இல்லாததும் அந்த மாற்றத்துக்கு ஒரு முக்கியக் காரணம்.

இந்தியா இன்று அமெரிக்காவோடும் ரஷ்யாவோடும் பிரான்சோடும் ஜப்பானோடும் ஒரே நேரத்தில் உறவை வளர்ப்பதைச் சிலர் நிலையற்ற போக்கு என்கிறார்கள். வாங்குவோர் பலர் நின்ற 1741ஐயும், ஒருவரே நின்ற 1805ஐயும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள் என்பது என் எண்ணம்.

மார்த்தாண்டம் வாசகன் எழுதியது:

டீச்சருக்கும், குளச்சல் ஐயாவுக்கும், குலசேகரம் அண்ணனுக்கும், தூத்தூர் அண்ணனுக்கும் மனமார்ந்த நன்றி. வரும் ஞாயிறு இவை அனைத்தையும் வாசிக்கிறேன். பணிந்தோமா எதிர்த்தோமா என்ற பழைய தலைப்பை எடுத்துவிட்டு, "1976 பேரத்தில் இராமேசுவரத்து மீனவருக்கு என்ன ஈடு செய்திருக்க வேண்டும்" என்ற கேள்வியை அவையின் முன் வைக்கலாம் என்று எண்ணுகிறேன். தூத்தூர் அண்ணன் நேரில் வந்தால் நன்றாக இருக்கும்.

தூத்தூர்க் கரையோன் எழுதியது:

வருகிறேன் தம்பி. எங்கள் படகு லட்சத்தீவுக்கு மேற்கே தங்கலில் இருக்கிறது, சனிக்கிழமை தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்கு வந்துவிடும் என்று நேற்று இரவு செய்தி கிடைத்தது. மீனை இறக்கி முடித்தால், ஈரானிலிருந்து திரும்பிய என் சித்தப்பா மகனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவன் அதிகம் பேசமாட்டான். கேட்டால் சொல்லுவான்.